கேம் கைடு புத்தகம்: இன்னும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

மதுரைமாமா · வெள்ளி, இரவு 9.12

வணக்கம். அக்கா பையனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், பதின்மூன்று முடிகிறது. போன வருடம் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோகேம் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு அக்காவிடம் திட்டு வாங்கியவன் நான். பையன் இப்போது செல்டா வரிசையின் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஆடுகிறான்.

அந்த வீட்டில் ஆட்டத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், போனுக்கு முழுத் தடை. எங்காவது மாட்டிக்கொண்டால் 'வழி பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று அம்மா போனை வாங்குவான். வழி பார்ப்பது ரெண்டு நிமிடம், அப்புறம் நாற்பது நிமிடம் குட்டி வீடியோக்கள். அக்கா என்னைத்தான் கேட்கிறாள்.

பிக்கிபேக் நிறுவனம் இந்த ஆட்டத்துக்குக் கெட்டி அட்டையில் ஒரு கைடு, அதாவது வழியும் வரைபடமும் சொல்லும் புத்தகம், போட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. எல்லாமே இணையத்தில் சும்மா கிடைக்கும் காலத்தில் இதை வாங்குபவன் புத்திசாலியா, ஏமாளியா?

விக்கி_வேந்தன் · வெள்ளி, இரவு 9.31

ஏமாளி. கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டதால் சொல்கிறேன்.

இந்தத் தொழிலே முடிந்துபோன தொழில். கைடு போட்டு விற்ற அமெரிக்காவின் ப்ரீமா நிறுவனம் 1990-ல் தொடங்கியது. போட்டியாளராக இருந்த பிராடிகேம்ஸை 2015-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2018 நவம்பரில் கடையை மூடப்போவதாக அறிவித்தது. ஆட்டம் வெளிவரும் அன்றே கைடும் கடையில் இருக்கும் என்று மார்தட்டியவர்கள் அவர்கள். அவர்களாலேயே முடியவில்லை.

காரணம் லேசானது. ஆட்டம் இன்று ஒரே இடத்தில் நிற்பதில்லை. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தது, அதற்கும் பிக்கிபேக் பெரிய கைடு போட்டது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்து திறன் மரங்களை (நாயகன் கற்கும் திறன்களின் கிளைப் பட்டியல்) பிடுங்கி வேறு நட்டுவிட்டார்கள். உடலில் பொருத்தும் கருவிகள், போலீஸ் துரத்துவது, எல்லாம் மாறிவிட்டது. அந்தப் புத்தகத்தின் திறன் பக்கங்கள் இப்போது எந்த ஆட்டத்துக்கு வழிகாட்டுகின்றன? போன வருட ரயில்வே கால அட்டவணையை யாராவது அலமாரியில் வைப்பார்களா?

நாலாயிரத்துக்குப் பையனுக்கு இன்னொரு ஆட்டமே வாங்கலாம்.

தாள்மணம் · வெள்ளி, இரவு 10.05

வேந்தன், வசதியான உதாரணமாகப் பார்த்து எடுத்துவிட்டீர்கள். பாதி வெந்த நிலையில் வெளியானது என்று ஊரே சொன்ன ஆட்டம் அது. அது மாறியதற்குப் புத்தகத்தைக் குற்றம் சொல்லலாமா?

அவர் கேட்டது செல்டாவைப் பற்றி. 2023 மே 12-ல் வந்த ஆட்டம். சில வாரங்களில் வந்த அப்டேட்கள் பொருளை இரட்டிப்பாக்கும் குறுக்கு வழிகளை அடைத்தன. ஆனால் ஒரு கோயிலும் (ஆட்டத்தில் உள்ளே புதிர் வைத்திருக்கும் இடம்) இடம் மாறவில்லை, ஒரு குகையும் காணாமல் போகவில்லை. 152 கோயில்கள் அன்றும் இன்றும் 152 தான்.

இன்னொன்று. அந்த கைடு ஆட்டத்தோடு வரவில்லை, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வந்தது. இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. ப்ரீமா காலத்தில் எழுத்தாளர்கள் ஆட்டம் முடிவதற்கு முன்பே கம்பெனிக்குப் போய் உட்கார்ந்து, அரைகுறைப் பிரதியை ஆடி, சில வாரங்களில் முந்நூறு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சுக்குப் போன பிறகு ஆட்டத்தைச் செய்கிறவர்கள் ஒரு பெட்டியை நகர்த்தினால் புத்தகம் பொய் சொல்லும். அந்தக் காலக் கைடுகளில் தப்பு மலிந்ததற்குப் பாதிக் காரணம் இந்த அவசரம்தான். தாமதமாக வரும் புத்தகத்தில் அது இருக்காது.

மதுரைமாமா, வாங்குங்கள்.

விக்கி_வேந்தன் · வெள்ளி, இரவு 10.22

ஒரு மாதம் கழித்து வந்தால் ஆடுகிறவன் முடித்துவிட்டிருப்பான். கல்யாணம் முடிந்து வரும் பத்திரிகை.

மதுரைமாமா · வெள்ளி, இரவு 10.26

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறவன் முடிக்க மாட்டான் ஐயா. அவன் போகிற வேகத்துக்குப் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு முதலில் வந்துவிடும்.

ரொறன்ரோ_தீபன் · சனி, காலை 6.40

நான் ரெண்டு பக்கமும் நின்று கதைக்கப் போகிறேன், அடிக்க வராதேங்கோ.

முதலில் புத்தகத்துக்கு எதிராக. 'ஃபைனல் ஃபேன்டசி 9' ஆட்டத்துக்கு 2000-ல் பிராடிகேம்ஸ் போட்ட அதிகாரபூர்வ கைடு இந்த விஷயத்தில் பேர்போன கேடு. காசு குடுத்து வாங்கின புத்தகத்தில் முக்கியமான இடத்துக்கு வந்தால் விளக்கம் இராது, ஒரு குறிச்சொல் இருக்கும். பிளேஆன்லைன் தளத்துக்குப் போய் அந்தச் சொல்லை அடித்தால்தான் மிச்சத்தைப் படிக்கலாம். டயல்-அப் இணைப்பு இருந்த காலம் அது. தொலைபேசி வயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகி, கீச் கீச்சென்று கத்தவிட்டு, ஒரு பெட்டி எங்கே என்று பார்க்க வேணும்.

இப்ப புத்தகத்துக்கு ஆதரவாக. 'எர்த்பவுண்ட்' 1995-ல் அமெரிக்காவில் வந்தபோது பெரிய பெட்டிக்குள் ஆட்டத்தோடு கைடும் சேர்ந்து வந்தது. சுரண்டி மணக்கிற ஒட்டிகள்கூட உள்ளே இருந்தன. 2013-ல் அதே ஆட்டத்தை வீ யூ என்ற தன் கருவியில் திரும்ப வெளியிட்டபோது நிண்டெண்டோ அந்தப் பழைய கைடை ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாக வைத்தது. பதினெட்டு வருஷம் போன புத்தகம் அப்பவும் உபயோகப்பட்டது.

விக்கி_வேந்தன் · சனி, காலை 9.15

தீபன், நீங்கள் ஆதரவு என்று சொன்னதே எனக்குத்தான் சாதகம். நிண்டெண்டோ அதை எங்கே வைத்தது? இணையத்தில். எப்படி? இலவசமாக.

ஃபைனல் ஃபேன்டசி கைடு கதையும் என் வாதம்தான். பதிப்பாளருக்கே 2000-ல் தெரிந்துவிட்டது, தகவல் இருக்க வேண்டிய இடம் வலைத்தளம் என்று.

தாள்மணம் · சனி, காலை 9.48

தெரிந்துவிட்டதா? அந்தக் குறிச்சொற்களை இப்போது எங்கே அடிப்பீர்கள்? தளத்தின் அந்தப் பகுதி மூடப்பட்டு வருடங்கள் ஆகின்றன. அந்த கைடில் இன்று உயிரோடு இருப்பது தாளில் அச்சான பாதி மட்டும். செத்தது நீங்கள் சொல்லும் வலைத்தளப் பாதி. இதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களே!

சிவகாசி_பைண்டர் · சனி, காலை 11.30

ஆட்டம் எனக்குத் தெரியாது, பையன் ஆடுவான். புத்தகம் கட்டுவது தெரியும். அந்த வகையில் ரெண்டு வார்த்தை.

இந்த கைடு எல்லாம் முழுக்க நாலு கலர், ஆர்ட் பேப்பர். கனம் அதில்தான். அதனால்தான் விலையைவிட அனுப்புகிற கூலி கண்ணைக் கட்டுகிறது. போதாததற்கு 2019 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் புத்தகத்துக்கு 5 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள்.

வாங்குவதென்றால் ஒன்றைப் பாருங்கள். தையல் பைண்டிங்கா, கம் பைண்டிங்கா? கைடு என்பது கையில் பிடித்துப் படிக்கிற நாவல் இல்லை. ரெண்டு கையிலும் கன்ட்ரோலர் இருக்கும், புத்தகம் தரையில் தானாக விரிந்து கிடக்க வேண்டும். கம் பைண்டிங் படுக்காது. முழங்காலை வைத்து அழுத்துவார்கள், முதுகு உடையும், ஆர்ட் பேப்பரில் பசை ஏற்கெனவே சரியாகப் பிடிக்காது, ஒரு மாதத்தில் தாள் தாளாக வந்துவிடும். பையன் வைத்திருந்த ஒரு பழைய கைடு (யார் போட்டது என்று சொல்ல வேண்டாம்) அப்படித்தான் சீட்டுக்கட்டு ஆனது. நான்தான் முதுகைச் சீவி, ஓட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தேன். ஓரத்தில் கால் அங்குலம் போய்விட்டது, வரைபடத்தில் ஒரு ஊரே மடிப்புக்குள் போய்விட்டது என்று இன்றுவரை குறை சொல்கிறான்.

ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாக, தைத்துக் கெட்டி அட்டை போட்டிருந்தால் இருபது வருடம் தாங்கும். முதுகின் மேல் ஓரத்தில் பார்த்தாலே மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும்.

தாள்மணம் · சனி, பகல் 12.10

அண்ணா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். என்னிடம் இருக்கும் கெட்டி அட்டைகளை எல்லாம் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். படுப்பவை தைத்தவை. சரியாகச் சொன்னீர்கள்.

கேட்டுவிளையாடு · சனி, பிற்பகல் 2.20

நீங்கள் எல்லோரும் கண்ணால் படிக்கிறவர்கள். எனக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை, திரைவாசிப்பான் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் படிக்கிறேன். அச்சு கைடு எனக்கு எடைக்குப் போடுகிற தாள். இணையத்தில் கிடைக்கும் வீடியோவும் உதவாது. 'இதோ இங்கே போய் இதை அழுத்துங்கள்' என்பார் அதில் பேசுகிறவர். எங்கே, எதை?

எனக்கு வாழ்வு கொடுத்தது கேம்எஃப்ஏக்யூஸ். 1995-ல் தொடங்கிய தளம். யாரோ ஒருவர் சம்பளம் வாங்காமல், வெறும் எழுத்துக் கோப்பாக, ஒரு ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோபைட் எழுதி வைத்திருப்பார். படம் கிடையாது. படம் இல்லாததால் 'வடக்கே நட, ரெண்டாவது கதவு, இடது பக்கம் ஏணி' என்று ஒவ்வொன்றையும் வார்த்தையில் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீடு போட்டிருப்பார்கள், அதைத் தேடினால் நேராக அங்கே போகலாம். அச்சு கைடுகளைவிடவும், இன்றைய விளம்பரம் மொய்க்கும் விக்கிகளைவிடவும் (ஆடுகிறவர்கள் சேர்ந்து எழுதும் தளங்கள்) ஒழுங்கான எழுத்து அது.

ஒரே தொல்லை, சிலர் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்து வரைபடம் வரைந்திருப்பார்கள். திரைவாசிப்பான் அதற்குள் போனால் 'கோடு கோடு கோடு சாய்கோடு கோடு' என்று பதினைந்து நிமிடம் ஜெபிக்கும்.

விக்கி_வேந்தன் · சனி, பிற்பகல் 2.51

நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்கள் இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். எழுத்துக் கோப்பை எந்தக் கருவியும் படிக்கும், அச்சு யாருக்கும் வளைந்து கொடுக்காது.

விளம்பரம் மொய்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கதவின் சாவி எங்கே என்று கேட்டால் முதலில் ஆட்டத்தின் வரலாறு, அப்புறம் 'சாவி என்றால் என்ன', அதற்கு நடுவில் நாலு விளம்பரம். ஒரு வரி பதிலுக்கு ஒரு முழம் உருட்ட வேண்டும். இப்போது தேடினால் மேலேயே இயந்திரம் எழுதிய பதில் ஒன்று வருகிறது, அது இல்லாத சாவியை இல்லாத ஊரில் வைக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் சும்மா கிடைப்பதில் குறை இருந்தால் சகித்துக்கொள்ளலாம், நாலாயிரம் கொடுத்ததில் குறை இருந்தால்?

மதுரைமாமா · சனி, மாலை 5.05

வேந்தன் சொன்னதைக் கேட்டதும் பழைய ஞாபகம். என் வாழ்க்கையில் முதலில் வாங்கிய கேம் கைடு ஒரே ஒரு தாள்தான். 'வைஸ் சிட்டி' என்ற ஆட்டம் வந்த காலம், தெரு முனையில் ஒரு பிரவுசிங் சென்டர். சீட் கோடுகளை (அடித்தால் ஆட்டத்தில் குறுக்கு வழி தரும் சொற்கள்) அச்சடித்து ஒரு பக்கம் அஞ்சு ரூபாய்க்கு விற்றார்கள். பேன்சர் என்று அடித்தால் பீரங்கி வண்டி, லீவ்மீஅலோன் என்று அடித்தால் போலீஸ் போய்விடும். எல்லாம் வேலை செய்தது, உயிர் நிரப்பும் ஆஸ்பிரின் மட்டும் செய்யவில்லை. மாத்திரையின் சரியான ஸ்பெல்லிங்கில் கடைசியில் 'இ' கிடையாது, ஆட்டத்தில் உண்டு. தாளை டைப் செய்தவருக்கு நல்ல ஆங்கிலம் தெரிந்திருக்கிறது, திருத்திவிட்டார்! ஊரிலுள்ள பையன்கள் எல்லாம் சரியான ஸ்பெல்லிங்கில் செத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே அச்சில் வந்தது வேதவாக்கு என்ற மயக்கம் எனக்கு இல்லை.

ஹாஸ்டல்கதிர் · சனி, இரவு 8.30

ஒருவரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். கைடு விற்பதற்காகவே ஆட்டத்தைப் புதிராகச் செய்தார்களா இல்லையா?

'ஃபைனல் ஃபேன்டசி 12', 2006. அதில் சோடியாக் ஈட்டி என்று ஒரு பெரிய ஆயுதம். அது கிடைக்க வேண்டுமென்றால் ஆட்டத்தின் வேறு வேறு இடங்களில் இருக்கும் நான்கு பெட்டிகளைத் திறக்கக் கூடாது. எந்தப் பெட்டிகள் என்று ஆட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைக் கண்டால் திறப்பதுதானே இந்த ஆட்டங்களின் இலக்கணம்? கைடு இல்லாமல் ஒருவன் இதை எப்படிக் கண்டுபிடிப்பான்?

அதற்கு முன்னால், 'கேஸில்வேனியா 2'. ஒரு மலைமுகட்டின் அடியில் சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டுக் காத்திருந்தால் சூறாவளி வந்து தூக்கிக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் சொல்லும் துப்பு எல்லாம் உளறல். பத்திரிகையில் படித்தவனுக்குத்தான் வழி.

நோயைக் கொடுத்துவிட்டு மருந்தை விற்கும் வியாபாரம்.

தாள்மணம் · சனி, இரவு 9.02

ஈட்டி நிஜம், சதி வதந்தி. கைடு விற்கத்தான் அப்படிச் செய்தோம் என்று ஆட்டத்தைச் செய்தவர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் கேஸில்வேனியாவில் ஊர்க்காரர்களின் வசனம் ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது குழம்பியதும் ஒரு காரணம். வேண்டுமென்றே செய்தது எது, கை நழுவியது எது என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனால் புதிரும் புத்தகமும் ஒரே சந்தையில் வளர்ந்தவை என்பதை மறுக்க மாட்டேன். 1985-ல் ஜப்பானில் மிக அதிகம் விற்ற புத்தகங்களில் ஒன்று 'சூப்பர் மேரியோ' ஆட்டத்துக்கு டோக்குமா ஷோட்டன் போட்ட கைடு. நாவல்களோடு போட்டி போட்டு.

விக்கி_வேந்தன் · சனி, இரவு 9.20

ஒரு நேரடிக் கேள்வி, தாள்மணம். உங்களிடம் எத்தனை கைடு இருக்கிறது? அதில் எத்தனை ஆட்டத்தை நீங்கள் ஆடியிருக்கிறீர்கள்?

தாள்மணம் · சனி, இரவு 10.45

நாற்பத்தொன்று. ஆடியது பதினாறோ பதினேழோ.

சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இதைக் கேளுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போவார், பழைய பாடப் புத்தகம் வாங்க. அங்கே முப்பது ரூபாய்க்கு ஒரு 'ஃபைனல் ஃபேன்டசி 7' கைடு கிடந்தது. அட்டை இல்லை, முதல் பன்னிரண்டு பக்கமும் இல்லை. எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் இல்லை, தெருவிலேயே இல்லை. அது ஒரு ஆட்டத்துக்கான கைடு என்று தெரியாமல், ஏதோ ஒரு நாட்டைப் பற்றிய புத்தகம் என்றுதான் வாங்கினேன்.

மிட்கார் என்று ஒரு நகரம், வட்டமாக, எட்டுப் பிரிவுகளாக. மேலே பணக்காரர்களின் தட்டு, அதன் நிழலில் கீழே ஏழைகளின் குடிசை. ஒவ்வொரு ஊரிலும் கடையில் என்ன விற்கிறது, என்ன விலை, விடுதியில் ஒரு இரவு தங்க எவ்வளவு என்று அட்டவணை. நான் அதைப் பயண நூல் போலப் படித்தேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தக் கணவாய் வழியாகப் போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாயகனோடு வரும் ஏரித் என்ற பெண் செத்துப்போவதையும் அதில்தான் படித்தேன். ஒரு அரசாங்க அறிவிப்பு மாதிரி ஒரே வரி, உடனே அடுத்து வரும் அரக்கனை எப்படி அடிப்பது என்ற குறிப்பு. அந்த ஒரு வரிக்கு அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா பரீட்சை மார்க் குறைந்துவிட்டது என்று நினைத்தாள்.

வேலைக்குப் போய், பதினோரு வருடம் கழித்து அந்த ஆட்டத்தை வாங்கி ஆடினேன். ஒவ்வொரு ஊரும் ஏற்கெனவே போய்விட்டு வந்த ஊராக இருந்தது. இல்லாத அந்த முதல் பன்னிரண்டு பக்கத்தின் பகுதியில் மட்டும் வழி தவறினேன்.

ஆட்டத்துக்கு வழி தெரிய வேண்டும் என்பவருக்கு விக்கி போதும், ஒப்புக்கொள்கிறேன். நான் வாங்குவது அதற்காக இல்லை.

விக்கி_வேந்தன் · சனி, இரவு 11.10

நான் சிரிக்கவில்லை.

ஆனால் இது நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள் என்பதற்கான பதில், அந்தப் பையனுக்கு ஏன் வாங்க வேண்டும் என்பதற்கான பதில் இல்லை. அவனிடம் ஆட்டம் இருக்கிறது. கையில் மாம்பழம் இருப்பவனுக்கு மாம்பழத்தின் படம் எதற்கு?

உண்மையில் அந்த ஆட்டத்துக்குக் கைடே கூடாது என்பேன், இணையக் கைடும்கூட. இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஆட்டத்தின் ரகசியம் முன்கூட்டியே தெரிய (ஸ்பாய்லர்) வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டுங்கள்.

அந்த ஆட்டத்தில் வானம், தரை, பாதாளம் என்று மூன்று அடுக்கு. பாதாளம் முழு இருட்டு, வெளிச்சம் தரும் வேர்கள் அங்கங்கே. நான் எண்பது மணி நேரம் ஆடிய பிறகு ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தேன். தரையில் கோயில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே ஒரு வேர். 152-ல் தரையில் இருப்பது 120 கோயில், கீழே 120 வேர். பெயரைப் பார்த்தால், கோயில் பெயரைத் திருப்பிப் போட்டால் வேரின் பெயர்! இரவு ஒரு மணிக்கு எழுந்து நின்று கை தட்டினேன். அந்த ராத்திரியைப் பையனிடமிருந்து நாலாயிரம் கொடுத்துப் பிடுங்கப் போகிறீர்களா?

ரொறன்ரோ_தீபன் · ஞாயிறு, காலை 5.50

இது நல்ல அடி. நான் அதை வீடியோ ஒன்றின் முகப்புப் படத்தில் பார்த்துக் கெடுத்துக்கொண்டவன். தேடினது குதிரைக் கொட்டில் எங்கே என்று. பக்கத்தில் பட்டியலில் கிடந்தது, பெரிய சிவப்பு அம்புக்குறியோட. கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிறது. புத்தகம் குறைந்தது நீங்கள் திறக்கிற பக்கத்தை மட்டும்தான் காட்டும்.

தாள்மணம் · ஞாயிறு, காலை 8.15

தீபன் சொன்னதுதான். திறக்காத பக்கத்தைக் கட்டிவைக்கவும் வழி உண்டு. கதைப் பகுதியை ரெண்டு பெரிய கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள். கோயில்களின் பகுதியும் தரையின் வரைபடமும் மட்டும் திறந்திருக்கட்டும். பையன் கிளிப்பைக் கழற்றினால் அது அவன் முடிவு. என் தம்பிக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன், மூன்று மாதம் தாக்குப்பிடித்தான்.

வேந்தன், அந்த ஆட்டத்தில் ஒளித்துவைத்திருக்கும் கோரோக் விதை ஆயிரம் இருக்கிறதே, அதில் எத்தனையைச் சொந்தமாகக் கண்டுபிடித்தீர்கள்?

விக்கி_வேந்தன் · ஞாயிறு, காலை 8.32

இருநூற்றுப் பதினொன்று. ஆயிரத்தையும் கண்டுபிடிப்பது மனிதன் செய்யும் வேலை இல்லை. எல்லாம் சேர்த்தால் என்ன பரிசு கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இணைய வரைபடம். எடுத்ததை டிக் செய்தால் மறைந்துவிடும். புத்தகத்தில் எப்படி மறைப்பீர்கள்?

சிவகாசி_பைண்டர் · ஞாயிறு, காலை 9.00

பென்சில் என்று ஒன்று உண்டு தம்பி. ஆர்ட் பேப்பரில் பென்சில் வழுக்கும், 2பி வாங்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல்கதிர் · ஞாயிறு, காலை 10.10

மாற்று யோசனை. நாலாயிரம் கொடுத்து புத்தகம் வாங்கத்தான் போகிறார் என்றால் 'எல்டன் ரிங்' புத்தகங்களை வாங்கட்டும். ஜெர்மனியின் ஃபியூச்சர் பிரஸ் போட்டது, ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல். எதிரி ஒவ்வொருவனின் அடியும் எண்ணாகப் பிரித்துப் போட்டிருக்கும். அந்த ஆழம் வேறு எங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது.

விக்கி_வேந்தன் · ஞாயிறு, காலை 10.25

பதின்மூன்று வயதுப் பையனுக்கு எல்டன் ரிங்கா! அந்த வீட்டில் ஸ்விட்ச் இருக்கிறது, அவன் செல்டா ஆடுகிறான். மாமா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேலும், எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தது. மூன்றே வாரத்தில் 1.03 அப்டேட் வந்து சில பாத்திரங்களின் கதைக்குப் புது முடிவு சேர்த்தது. டிசம்பரில் ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் கொலோசியம் திறந்தது. ஆயுதங்களின் எண்கள் அதற்கப்புறமும் மாறின. எண்ணாகப் பிரித்துப் போட்டதுதான் முதலில் பழசாகும்.

நெறியாளர் · ஞாயிறு, காலை 11.00

எல்டன் ரிங் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். மதுரைமாமா, முடிவு செய்துவிட்டீர்களா?

மதுரைமாமா · ஞாயிறு, இரவு 7.40

செய்துவிட்டேன், ஆனால் யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது.

தாள்மணம் தனிச்செய்தியில் சொன்னார்கள், அவர்களிடம் முந்தைய செல்டாவான 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கைடு ரெண்டு பிரதி இருக்கிறதாம். அதே ஹைரூல் நாடு, ஆனால் கோயில்கள் வேறு, அது 120. அதை அஞ்சல் செலவோடு எழுநூறு ரூபாய்க்குத் தருகிறார்கள். பையன் இப்போது ஆடுவதற்கு அது நேரடியாக உதவாது, கெடுக்கவும் செய்யாது. வேந்தனின் அந்த ராத்திரி பத்திரமாக இருக்கும். நாடு மட்டும் பழகும்.

விக்கி_வேந்தன் · ஞாயிறு, இரவு 7.55

வேறொரு ஆட்டத்தின் கைடைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். என் வாதத்தில் எங்கே ஓட்டை விழுந்தது என்று திரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தாள்மணம் · ஞாயிறு, இரவு 8.01

தைத்த பைண்டிங், சிவகாசி அண்ணா. பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மதுரைமாமா · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

தகவலுக்காக. பையன் புத்தகத்தை வாங்கி ஐந்து நிமிடம் புரட்டினான். முதல் கேள்வி: "மாமா, இதுல தேடுறது எங்க இருக்கு?" கடைசியில் இருக்கும் அகரவரிசைப் பட்டியலைக் காட்டினேன். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. அம்மா போனை இன்னும் கேட்கத்தான் செய்கிறான், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக என்கிறாள் அக்கா. ஆனால் தூங்குவதற்கு முன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படுக்கிறான். நேற்று போனபோது ஆட்டத்தை நிறுத்திவைத்து, புத்தகத்தின் வரைபடத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, எந்த ஊரில் எந்த வீடு இடிந்திருக்கிறது, எது புதிது என்று பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு உபயோகத்தை இந்த இழையில் யாரும் சொல்லவில்லை.

சிவகாசி அண்ணனுக்கு ஒரு கேள்வி. அக்கா பழக்கதோஷத்தில் கெட்டி அட்டைக்கு மேல் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிளும் ஒட்டிவிட்டாள். பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதியிருக்கிறாள். 'பாடம்' என்ற இடத்தில் 'புவியியல்' என்று இருக்கிறது. பளபளப்பு அட்டையில் ஒட்டிய செல்லோடேப்பை லேமினேஷன் உரியாமல் எடுப்பது எப்படி?